ரீமேக்கா, ரீமாஸ்டரா? வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறையும் ஆண்டிறுதி போனஸும் சேர்ந்து வரும் மாதங்களில் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். "அண்ணே, பழைய கேம் ஒன்று புதுசா வந்திருக்கு, ரீமாஸ்டர்னு போட்டிருக்கான், வாங்கலாமா?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் கேட்பது வேறு மாதிரி: "இதே கேமைத்தானே முன்னாடியே வாங்கிக் கொடுத்தோம்?" இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். விலை வரும் இடங்களில் அமெரிக்க டாலரில் சொல்லியிருக்கிறேன். நம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் மறக்க வேண்டாம்.

சுருக்கமாக, என்ன வித்தியாசம்?

ரீமாஸ்டர் என்றால் அதே பழைய கேம்தான். உள்ளே ஓடும் நிரல், இடங்களின் அமைப்பு, எதிரி எங்கே நிற்பான் என்பது எல்லாம் அப்படியே இருக்கும். படத்தையும் ஒலியையும் மட்டும் இன்றைய டிவிக்கும் கன்சோலுக்கும் (டிவியில் இணைத்து ஆடும் கருவி) ஏற்றபடி மெருகேற்றியிருப்பார்கள். ரீமேக் என்றால் பழையதை முன்னால் வைத்துக்கொண்டு கேமையே மறுபடி செய்திருக்கிறார்கள்.

சினிமாவை வைத்துச் சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1964ல் வந்த கர்ணனை டிஜிட்டலில் சுத்தம் செய்து 2012ல் மறுபடி திரையிட்டார்கள். சிவாஜி அதே சிவாஜி, வசனம் அதே வசனம். அது ரீமாஸ்டர். 1980ல் ரஜினி நடித்த பில்லாவை 2007ல் அஜித்தை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். தெரிந்த கதைதான், ஆனால் ஒரு ஷாட்கூடப் பழைய படத்திலிருந்து எடுத்ததில்லை. அது ரீமேக்.

ஒரே கேமில் இரண்டையும் பார்க்க முடியுமா?

முடியும். நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஷேடோ ஆஃப் த கொலோசஸ். 2005ல் பிஎஸ் 2க்கு, அதாவது பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்கு வந்தது. ஆளரவமே இல்லாத ஒரு நிலப்பரப்பு, ஒரு குதிரை, ஒரு வில், ஒரு வாள், 16 ராட்சதர்கள், கேம் அவ்வளவுதான். ஆனால் பிஎஸ் 2ஆல் அதைத் தாங்க முடியவில்லை. ராட்சதனின் முதுகு ரோமத்தைப் பிடித்துத் தொங்கும்போது படம் திணறித் திணறி நகரும்.

2011ல் ப்ளூபாயின்ட் என்ற நிறுவனம் அதை பிஎஸ் 3க்கு ரீமாஸ்டர் செய்தது. அதே உருவங்கள், அதே புல்தரை. படம் கூர்மையானது, திணறல் குறைந்தது. 2018ல் அதே நிறுவனம் பிஎஸ் 4க்கு ரீமேக் செய்தது. இந்த முறை புல், பாறை, ராட்சதனின் ரோமம் எல்லாமே புதிதாகச் செய்தவை. ஆனால் ராட்சதன் நிற்பது அதே இடத்தில், அவன் மேல் ஏறும் வழியும் அதே வழி. 2005ல் ஆடி முடித்தவர் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆக, ரீமேக் என்றாலே எல்லாம் மாறிப்போகும் என்று நினைக்க வேண்டாம். த லாஸ்ட் ஆஃப் அஸ் இன்னொரு உதாரணம். 2013ல் பிஎஸ் 3க்கு வந்தது, 2014ல் பிஎஸ் 4க்கு ரீமாஸ்டர், 2022ல் பிஎஸ் 5க்கு ரீமேக். கடைசியாக வந்ததன் விலை 70 டாலர். முகங்கள் அசர வைக்கும், ஆனால் ஆடும் விதம் பெரிதாக மாறவில்லை. அந்த விலை நியாயமா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. என் பதில்: முதல் முறை ஆடுபவர்கள் 2022 பதிப்பையே வாங்கலாம். 2014 பதிப்பை ஏற்கெனவே முடித்தவர்கள் அந்தப் பணத்தை வேறு கேமுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரீமேக்கில் கதையும் ஆட்டமும் மாறுமா?

செய்பவர்களைப் பொறுத்தது. ரெசிடென்ட் ஈவில் 2 மாற்றத்தைச் சரியாகச் செய்த கேம். 1998ல் வந்த முதல் பதிப்பில் கேமரா அறையின் ஒரு மூலையில் நிலையாக நிற்கும். ஒரு கதவைத் திறந்தால் கருந்திரையில் அந்தக் கதவு மெதுவாகத் திறக்கும் காட்சி வரும். அந்த சில நொடிகளில் டிஸ்க்கிலிருந்து அடுத்த அறை ஏறிக்கொண்டிருக்கும். அதாவது அது ஒரு தொழில்நுட்பச் சமாளிப்பு. ஆனால் ஆடுபவருக்கு அதுவே ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது, கதவைத் தாண்டிவிட்டால் பின்னால் எதுவும் வராது.

2019 ரீமேக்கில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. கதவு வெறும் கதவு. திறந்து ஓடினால் ஜோம்பியும் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வருகிறது. நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட மிஸ்டர் எக்ஸ் முதல் பதிப்பில், ஒரு முறை முடித்துவிட்டு ஆடும் இரண்டாவது ஆட்டத்தில், குறிப்பிட்ட இடங்களில்தான் வருவார். ரீமேக்கில் காவல் நிலையம் முழுக்க உங்களைத் தேடித் திரிகிறார். நீங்கள் கீழ்த்தளத்தில் இருக்கும்போது மாடியில் அவருடைய காலடி கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே பூட்டின் எண்ணைத் திருப்புவது இருக்கிறதே, அதுதான் இந்த ரீமேக். பழைய பயத்தைப் புதிய கருவிகளால் திரும்ப உண்டாக்கியிருக்கிறார்கள். நல்ல ரீமேக்குக்கு என் அளவுகோல் இதுதான்.

ஃபைனல் ஃபேன்டசி 7 இன்னும் துணிச்சலாகப் போனது. 1997ல் மூன்று டிஸ்க்கில் வந்த கேமில் மிட்கார் நகரம் ஒரு தொடக்கப் பகுதி மட்டுமே. 2020ல் வந்த ரீமேக் முழுவதும் அந்த ஒரு நகரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அடுத்த பாகமான ரீபர்த் 2024ல் வந்தது. சண்டை முறையும் மாறியது, கதையிலும் கை வைத்தார்கள். பழைய கதையை அப்படியே எதிர்பார்த்தவர்களில் சிலர் கோபப்பட்டார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 1997 கேமுக்குப் பதிலாக இதை ஆடினால் போதும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஓப்லிவியன் ரீமாஸ்டர்ட் பார்க்க முழுக்கப் புதிதாக இருக்கிறதே, அது ஏன் ரீமேக் இல்லை?

நல்ல கேள்வி. இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2006ல் வந்த ஓப்லிவியனை, அதை உருவாக்கிய பெதஸ்டாவுடன் சேர்ந்து மெருகேற்றிய விர்ச்சுவோஸ் நிறுவனத்தின் தலைமையகம் சிங்கப்பூரில் இருக்கிறது. 2004ல் ஷாங்காயில் தொடங்கிய நிறுவனம் அது. 2025 ஏப்ரல் 22 அன்று கேமை அறிவித்து, அன்றைக்கே விற்பனைக்கும் விட்டுவிட்டார்கள். விலை 50 டாலர்.

உள்ளே இரண்டு எஞ்சின்கள், அதாவது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்கள், ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் அன்ரியல் எஞ்சின் 5 வரைகிறது. அதற்கு அடியில், யார் எங்கே போவது, அடி எவ்வளவு விழுவது, கடைக்காரர் எத்தனை மணிக்குத் தூங்கப் போவது என்பதையெல்லாம் 2006ன் பழைய எஞ்சினே முடிவு செய்கிறது. அதனால்தான் பழைய கேமின் விசித்திரங்களும் கூடவே வந்திருக்கின்றன. முதல் பதிப்பில் ஒரு பெண் கதாபாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் வசனத்தில் தடுமாறி, இன்னொரு தடவை சொல்கிறேன் என்று சொல்லி மறுபடி பேசியது வெட்டப்படாமல் அப்படியே வெளியாகிவிட்டது. ரசிகர்களுக்கு அது மனப்பாடம். புதிய பதிப்பிலும் அதை நீக்கவில்லை. இதைப் பார்த்தபோது, இந்த வேலையைச் செய்தவர்களுக்கு அந்த கேம் மேல் உண்மையான பாசம் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அதே சமயம் கதாபாத்திரம் வளரும் முறையை மாற்றினார்கள், வேகமாக ஓடும் வசதியைச் சேர்த்தார்கள், புதிதாகக் குரல்களும் பதிவு செய்தார்கள். வழக்கமான ரீமாஸ்டரில் இவ்வளவு இருக்காது. ஆனாலும் எலும்புக்கூடு பழையது என்பதால் ரீமாஸ்டர் என்ற பெயர் பொருத்தம் என்றே நினைக்கிறேன். 2025 ஆகஸ்ட்டில் வந்த மெட்டல் கியர் சாலிட் டெல்டா எதிர்ப்பக்கம். கோனாமியோடு அதிலும் விர்ச்சுவோஸ் வேலை செய்தது. 2004 கேமை அன்ரியல் எஞ்சின் 5ல் மறுபடி கட்டிய ரீமேக் அது, ஆனால் குரல்கள் பெரும்பாலும் பழைய பதிவுகளே. ஆக, பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பழையதில் எதை வைத்துக்கொண்டார்கள், எதைத் தூக்கினார்கள் என்று கேளுங்கள். அது தெரிந்துவிட்டால் பெயர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

கிராபிக்ஸை மட்டும் கூட்டுவது அவ்வளவு பெரிய வேலையா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியாது. ஒரு பழைய கேமில் எதைத் தொட்டாலும் வேறு ஏதோ ஒன்று அசையும். டார்க் சோல்ஸ் 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த கன்சோல்களில் அது நொடிக்கு 30 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) அளவில் ஓடியது. கணினிப் பதிப்பு 60 ஃபிரேமில் ஓடியபோது ஆயுதங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்து உடைந்தன. ஆயுதத்தின் தேய்மானக் கணக்கை ஃபிரேமோடு கட்டி வைத்திருந்ததே காரணம். அப்புறம் பேட்ச், அதாவது பிழை திருத்தும் கோப்பு, போட்டுச் சரிசெய்தார்கள்.

கிராஷ் பாண்டிகூட் என்.சேன் டிரிலஜி இன்னொரு கதை. பழைய நிரல் கிடைக்காததால் பழைய மேடைகளின் வடிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முதலிலிருந்து எழுதினார்கள். 2017ல் வெளிவந்ததும் பழைய ஆட்டக்காரர்கள், தாவிக் குதித்தால் விளிம்பில் நிற்காமல் வழுக்குகிறது என்று சொன்னார்கள். செய்தவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். கிராஷின் காலடி வடிவத்தை நிரலில் புதிதாக வரையறுத்ததால் வந்த வித்தியாசம் அது. படத்தில் துளியும் தெரியாது, கட்டைவிரலுக்கு மட்டும் தெரியும். விமர்சனங்களைப் படிக்கும்போது, கிராபிக்ஸ் பற்றி எழுதியதைத் தாண்டி கன்ட்ரோல் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடச் சொல்வது இதனால்தான்.

மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷனில் ஒரு அழகான சின்ன வேலை பார்த்தேன். 2007 கேமில் லிஃப்ட் நெடுநேரம் ஓடும், அடுத்த இடம் ஏறும்வரை நம்மைக் காக்க வைக்க. அந்த நேரத்தில் கூட வரும் இருவர் பேசிக்கொள்வார்கள். இன்றைய கன்சோல் சீக்கிரம் ஏற்றிவிடுவதால் 2021 பதிப்பில் லிஃப்ட் வேகமாகப் போகிறது. ஆனால் பேச்சைக் கேட்க விரும்பினால் நின்று கேட்கவும் வழி வைத்திருக்கிறார்கள். இந்த அளவுக்கு யோசிக்கிறார்கள் என்றால் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

அப்படியானால் சில ரீமாஸ்டர்கள் ஏன் இவ்வளவு மோசமாக வருகின்றன?

பெரிய காரணம், பழைய நிரலை யாரும் ஒழுங்காக எடுத்து வைக்கவில்லை. 90களிலும் 2000களின் தொடக்கத்திலும் கேம் வெளியானதும் குழு அடுத்த வேலைக்குப் போய்விடும். 2012ல் வந்த சைலன்ட் ஹில் எச்டி கலெக்‌ஷனைச் செய்தவர்களிடம் கொடுக்கப்பட்டது முடிவடையாத ஒரு பழைய நிரல். முதல் வெளியீட்டிலேயே சரிசெய்யப்பட்ட பிழைகளை அவர்கள் மறுபடி ஒவ்வொன்றாகத் தேடித் தீர்க்க வேண்டியிருந்தது. அந்தத் தொடருக்கே உயிரான மூடுபனி சைலன்ட் ஹில் 2ல் மெலிந்துபோய், மறைந்திருக்க வேண்டிய நில விளிம்புகள் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன. கிங்டம் ஹார்ட்ஸுக்கும் பழைய கோப்புகள் தொலைந்து, பலவற்றை மறுபடி உருவாக்க வேண்டி வந்தது. மாஸ் எஃபெக்டின் ஒரு கூடுதல் பகுதி, நிரல் கெட்டுப்போனதால் லெஜண்டரி எடிஷனில் சேரவே இல்லை.

இன்னொரு காரணம் அவசரம். 2021 நவம்பரில் வந்த ஜிடிஏ டிரிலஜி டெஃபினிட்டிவ் எடிஷனை உதாரணமாகச் சொல்லலாம். பழைய டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்கள்) செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கினார்கள், அதில் கடைப் பலகைகளின் எழுத்துகள் தப்பும் தவறுமாக மாறின. சான் ஆண்ட்ரியாஸில் ஒரு டோனட் கடையின் மேல் பெரிய நட்டு ஒன்று இருக்கும், போல்ட்டில் மாட்டுகிற ஆறு பக்க நட்டு. கடைப் பெயரிலேயே அந்த நட்டு வைத்த வேடிக்கை உண்டு. புதிய பதிப்பில் அதன் ஆறு மூலைகளும் மழுங்கி வெறும் வட்டமாகிவிட்டது. நட்டு போனதோடு வேடிக்கையும் போனது. அந்தப் பலகையை ஒரு மனிதர் ஒரு தடவை நின்று பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. உரிமம் காலாவதியானதால் வானொலிப் பாட்டுகளில் சிலவும் காணாமல் போயின. ஜிடிஏவின் நிறுவனமான ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. அப்புறம் வந்த பேட்ச்களால் நிறைய சரியாகியிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

லேன் கடையில் ஆடிய கேம்களின் புதிய பதிப்புகள் எப்படி?

2000களில் பள்ளி முடிந்ததும் லேன் கடையில் (கணினிகளை இணைத்து வைத்துக் காசுக்கு ஆட விடும் கடை) உட்கார்ந்த தலைமுறை கேட்கும் கேள்வி. மூன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்ட் 2017ல் வந்தது. இதுபோல் எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். ஒரு பட்டனை அழுத்தினால் பழைய படம், மறுபடி அழுத்தினால் புதிய படம். ஆட்டத்தின் கணக்கு எதையும் தொடவில்லை. பழைய பதிப்பை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். அதை வைத்திருப்பவரும் புதியதை வாங்கியவரும் ஒரே ஆட்டத்தில் மோதலாம்.

வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் 2020 ஜனவரியில் வந்தது. ஸ்டார்கிராஃப்டைச் செய்த அதே நிறுவனம், ஆனால் நேர் எதிர். புதிதாக எடுத்துக் காட்டுவோம் என்று சொன்ன கட்சீன்கள் (ஆட்டத்துக்கு நடுவே வரும் கதைக் காட்சிகள்) வரவில்லை. தரவரிசை, குழு போன்ற வசதிகள் வெளியீட்டின்போது இல்லை. இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது, புதியதை வாங்காதவர்களின் பழைய கேமும் புதிய நிரலுக்கு மாற்றப்பட்டதில். இன்று தனி கேமாக இருக்கும் டோட்டா பிறந்தது வார்கிராஃப்ட் 3க்குள் ரசிகர்கள் செய்த வரைபடமாகத்தான். அப்படிப்பட்ட ஒரு கேமை, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களிடமிருந்து மாற்றி வைப்பது தவறு. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மை, ஆனால் அது போதாது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பற்றித் தமிழர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். 1999ல் வந்த கேம், 2013ல் எச்டி பதிப்பு, 2019ல் டெஃபினிட்டிவ் எடிஷன். அதற்கு மேல் 2022 ஏப்ரலில் இந்திய வம்சங்களுக்கென்று ஒரு கூடுதல் பகுதி வந்தது. அதில் திராவிடர் என்று ஒரு தனி நாகரிகம், சுருள்வாள் வீரர்கள், ராஜேந்திர சோழனின் படையெடுப்பை நாமே நடத்தும் ஆட்டம். மரம் வெட்டப் போகும் கிராமத்தானைத் தட்டினால் தமிழில் பதில் சொல்வான்! இத்தனை வருடமாக எத்தனையோ மொழிகளைக் கேட்டுக்கொண்டு ஆடிய கேமில் நம் மொழியைக் கேட்பது சாதாரண விஷயமில்லை. 23 வருடம் பழைய கேமுக்கு இது வர முடிந்தது, அதை யாரும் கைவிடாமல் மெருகேற்றி வைத்திருந்ததால்தான்.

போர்ட், ரீபூட் என்றும் சொல்கிறார்களே?

போர்ட் என்றால் ஒரு கருவிக்கு வந்த கேமை இன்னொரு கருவியில் ஓட வைப்பது, அவ்வளவுதான். ரீபூட் என்றால் பழைய கதைத்தொடரை ஓரம் வைத்துவிட்டு அதே நாயகரை வைத்து முதலிலிருந்து புதிய கதை. டூம் ரெய்டர் நாயகி லாரா கிராஃப்ட்டை வைத்து எல்லாவற்றையும் நினைவில் வைக்கலாம். 1996ல் முதல் டூம் ரெய்டர். 2007ல் வந்த ஆனிவர்சரி அதன் ரீமேக். 2013ல் வந்தது ரீபூட். 2024ல் முதல் மூன்று பாகங்களும் சேர்ந்து வந்தது ரீமாஸ்டர். அதிலும் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் நொடியில் மாறிக்கொள்ளலாம்.

பிள்ளை ஏற்கெனவே வைத்திருக்கும் கேமையே திரும்பக் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

பெற்றோருக்கு: முதலில் அப்கிரேட், அதாவது பழைய பதிப்பைப் புதியதாக மாற்றிக்கொள்ளும் சலுகை, இருக்கிறதா என்று பாருங்கள். த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2, ஹொரைசன் ஸீரோ டான் இரண்டின் ரீமாஸ்டருக்கும், பிஎஸ் 4 பதிப்பை வைத்திருப்பவர்கள் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை, 10 டாலர் போதும். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனை, கூடுதல் பகுதிகளோடு கணினியில் வாங்கியிருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். ரீமேக்குக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது, முழு விலைதான்.

இதில் பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. பழையது டிஸ்க்காக இருந்தால், அப்கிரேட் செய்த பிறகும் ஆடும்போது அந்த டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். டிஸ்க் போடும் வசதி இல்லாத பிஎஸ் 5 வீட்டில் இருந்தால் அந்த 10 டாலர் வழி உங்களுக்கு இல்லை. அப்கிரேட் செய்துவிட்டு டிஸ்க்கை கரோசெல் விற்பனைத் தளத்தில் விற்றாலும் அதே கதிதான்.

இன்னொன்று, பிஎஸ் 4 கேம்களில் கிட்டத்தட்ட எல்லாமே பிஎஸ் 5ல் அப்படியே ஓடும். எனவே "புது கன்சோல் வாங்கியாச்சு, பழைய கேம் ஓடாது" என்று பிள்ளை சொன்னால், முதலில் டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். கணினிக்கு ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரீமாஸ்டர் உங்கள் கணினியில் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அந்த 2 மணி நேரம் தாராளம்.

பழைய கேமை ஆட விட்டோம், ரீமேக்கையும் விடலாமா?

பெட்டியில் உள்ள வயது முத்திரையைப் புதிதாகப் பாருங்கள். சிங்கப்பூரில் இப்போது 16 வயதுக்கு மேல் என்று பரிந்துரைக்கும் முத்திரையும், 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டிய எம்18 முத்திரையும் இருக்கின்றன. இந்த முறை வந்ததற்கே மாஸ் எஃபெக்ட் ஒரு தூண்டுதல். 2007 நவம்பரில் ஒரு காட்சிக்காக அதை இங்கே தடை செய்தார்கள், சில நாட்களிலேயே எம்18 முத்திரையோடு அனுமதித்தார்கள். 2008ல் வகைப்படுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது.

ரெசிடென்ட் ஈவில் 2ஐ எடுத்துக்கொண்டால், 1998ல் ரத்தம் என்பது திரையில் சில சிவப்புக் கட்டங்கள். 2019ல் அதே காட்சியில் கிழிந்த தசை தெரிகிறது. கதை ஒன்றுதான், பிள்ளையின் கண்ணில் படுவது ஒன்றல்ல. நீங்கள் சிறு வயதில் ஆடியதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ரீமேக் வந்தபின் பழையது எதற்கு? விற்றுவிடலாமா?

விற்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். 2023ல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கவே கிடைப்பதில்லை. ஜிடிஏ டிரிலஜி வருவதற்கு முன் பழைய மூன்று கேம்களையும் கணினிக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியதன் குறைகளைப் பார்த்து மக்கள் கொதித்த பிறகே பழையவற்றைத் திரும்பக் கொடுத்தார்கள். பழைய டிஸ்க் வைத்திருந்தவர்கள் இந்தக் கூத்து எதிலும் மாட்டவில்லை.

எவ்வளவு நல்ல ரீமேக்காக இருந்தாலும் அது இன்னொரு குழு, இன்னொரு காலத்தில் எடுத்த முடிவுகளின் தொகுப்பு. ரெசிடென்ட் ஈவில் 2ன் மூலைக் கேமராவும் கதவுக் காட்சியும் தரும் அனுபவம் 2019 பதிப்பில் இல்லை. இருக்கவும் தேவையில்லை, 1998 பதிப்பு கைவசம் இருக்கும்வரை. நிறுவனங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: புதியதைக் கொண்டுவாருங்கள், பழையதையும் அலமாரியில் விட்டு வையுங்கள். கமாண்ட் அண்ட் கான்கர் ரீமாஸ்டர் 2020ல் வந்தபோது இஏ நிறுவனம் பழைய கேம்களின் நிரலில் பெரும்பகுதியைப் பொதுமக்களுக்கே திறந்துவிட்டது. செய்ய முடியாத காரியமில்லை.

இரண்டும் இருந்தால் எதை முதலில் ஆடுவது?

நேரம் இருந்தால் பழையதை. பழைய கன்ட்ரோல் கையில் ஏற மாட்டேன் என்கிறது, தேசிய சேவையிலிருந்து வார இறுதிக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறேன் என்றால் ரீமேக்கிலிருந்து தொடங்குங்கள், தப்பே இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 7க்கு மட்டும் இந்தச் சலுகையைத் தர மாட்டேன். 1997 கேமைத் தெரியாமல் ரீமேக்கின் கடைசிப் பகுதியைப் பார்த்தால் பாதி புரியாது.

பழைய சேவ் (விட்ட இடத்தைச் சேமித்து வைத்த கோப்பு) புதியதில் வேலை செய்யுமா?

ரீமேக்கில் செய்யாது. ரீமாஸ்டரில் சில சமயம் செய்யும். ஹொரைசனும் த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2ம் பிஎஸ் 4 சேவ் கோப்பை எடுத்துக்கொள்ளும். டயாப்லோ 2 ரிசரெக்டட் இன்னும் மேலே போனது. 2021ல் வந்த அந்தப் பதிப்பில், 2000களில் தனியாக ஆடிக் கணினியிலேயே சேமித்து வைத்த கதாபாத்திரத்தைக்கூடத் திறக்க முடிந்தது. முப்பரிமாணப் படத்துக்கு அடியில் பழைய கேமே ஓடிக்கொண்டிருப்பதால் அது சாத்தியம். வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க் ஏதாவது கிடந்தால் அதில் டயாப்லோ ஃபோல்டர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அந்த நகலைப் புதிய பதிப்பில் போட்டுத் திறங்கள்.